சம்பளமா, போனஸா, அட்வான்ஸா? செட்டிநாட்டுக் கடைகளுக்கு ஓர் ஒப்பீடு

ஆடி பிறந்ததும் காரைக்குடியில் எங்கள் கணக்கு அலுவலகத்துக்கு வரும் கடைக்காரர்களில் பாதிப்பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “ஆளுங்க நிக்க மாட்டேங்குறாங்க. நிக்கிறவங்களும் ஏனோதானோன்னு வேலை பாக்குறாங்க. சம்பளத்தைக் கூட்டவா, தீபாவளிக்குச் சேர்த்துப் போடவா, இல்லை கமிஷன் மாதிரி ஏதாவது வைக்கவா?” பலகாரக் கடை, ஜவுளிக்கடை, ஆத்தங்குடியில் தரைக் கல் (டைல்ஸ்) போடும் பட்டறை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை ஹோட்டலாக்கி நடத்துபவர் என்று யாராக இருந்தாலும் கேள்வி இதேதான். கையில் இருப்பது ஒரு தொகை. அதை எந்த வழியாகக் கொடுப்பது?

என்னைக் கேட்டால், முதலில் உங்கள் கடையின் குறை எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆள் நிற்கவில்லை என்பது ஒன்று. ஆள் இருந்தும் வேலை ஓடவில்லை என்பது வேறொன்று. வேலை ஓடுகிறது, ஆனால் சரக்கில் சுத்தம் இல்லை என்பது இன்னொன்று. மூன்றையும் ஒரே தொகையால், ஒரே வழியில் சரி செய்யப் பார்ப்பதால்தான் பெரும்பாலான கடைகளில் பணம் போகிறது, பலன் வருவதில்லை.

எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகள் கேட்டுப் பார்க்கிறேன். மேலே சொன்ன மூன்று குறைகளில் இது எதைத் தீர்க்கும்? சொன்ன தொகைக்கு மேல் மறைவாக என்ன செலவு வரும்? பணம் கடையை விட்டுப் போகும் நேரம் கடையின் சீசனோடு ஒத்துப்போகிறதா? வியாபாரம் படுத்தால் இதைத் திரும்ப எடுக்க முடியுமா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கொடுக்கிற அன்று எல்லோருக்கும் சந்தோஷம் என்பதால் கேட்கத் தோன்றாது.

கணக்குக்காக ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். பலகாரக் கடை. ஒரு மாஸ்டர், இரண்டு உதவியாட்கள், முறுக்குச் சுற்றும் பெண்கள் நான்கு பேர், பேக்கிங்கில் மூன்று பேர், கவுண்டரில் இரண்டு பேர். மொத்தம் 12 பேர். சராசரிச் சம்பளம் மாதம் 14,000 ரூபாய். முதலாளி ஆண்டுக்கு இன்னும் 2,40,000 ரூபாய் செலவழிக்கத் தயார்.

சம்பள உயர்வு

ஆளுக்கு மாதம் 1,600 ரூபாய் கூட்டினால் ஆண்டுக்கு 2,30,400 ஆகிறது. இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசு காப்பீடு) பதிவான கடை என்றால் முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், அதில் இன்னொரு 7,500 ரூபாய் போகும். நினைத்த தொகை அத்தோடு தீர்ந்தது.

மறைவான செலவு பணிக்கொடையில் இருக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, விலகும்போது ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் தர வேண்டும். கணக்குப் போடுவது கடைசியாக வாங்கிய சம்பளத்தில், அதை 26-ஆல் வகுத்து. பத்து வருஷம் வேலை பார்த்த மாஸ்டருக்கு இன்று 1,600 கூட்டினால், நாளைக்கு அவர் விலகும்போது தர வேண்டியது 9,230 ரூபாய் கூடிவிடும். இன்றைய உயர்வு போன பத்து வருஷத்துக்கும் சேர்த்து வேலை செய்கிறது. கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தெரிந்து கொடுங்கள் என்கிறேன்.

சம்பளம் ஊர் விலைக்குக் கீழே இருந்தால் மற்ற எதுவும் எடுபடாது. இதற்குப் பெரிய சாட்சி ஃபோர்டு கார் கம்பெனி. 1913-இல் அங்கே ஏறக்குறைய 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, அந்த ஓர் ஆண்டில் மட்டும் 52,000-க்கும் மேற்பட்டவர்களைப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாள் கூலியை இரண்டேகால் டாலர் சொச்சத்திலிருந்து ஐந்து டாலராக உயர்த்தி, வேலை நேரத்தையும் எட்டு மணியாகக் குறைத்தார்கள். ஆள் ஓடுவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்த ஐந்து டாலரில் ஏறத்தாழ பாதி லாபப் பங்கு என்ற பேரில் வந்தது. வீட்டுக்கே ஆள் அனுப்பி, தொழிலாளி ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறாரா என்று பார்த்த பிறகுதான் அது கிடைக்கும். நம் ஊரில் அப்படி யாராவது வீட்டுக்கு வந்து எட்டிப்பார்த்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செட்டிநாட்டில் இன்னொரு சிக்கல். உங்கள் போட்டி பக்கத்துக் கடை மட்டும் இல்லை. இருபத்துநான்கு வயதுப் பையனுக்குத் திருப்பூரும் கோயம்புத்தூரும் சிங்கப்பூரும் கூப்பிடு தூரம். அவனை 1,600 ரூபாயால் நிறுத்த முடியாது. கழனிவாசலில் வீடு, உள்ளூரில் படிக்கும் பிள்ளைகள் என்று இருக்கிற நாற்பது வயதுப் பெண்ணுக்கு அதே 1,600 பெரிய காரணம். ஆகவே உயர்வை எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பதைவிட, ஊரை விட்டுப் போக முடியாதவர்களுக்கும் போனால் மாற்ற முடியாதவர்களுக்கும் கூடுதலாகக் கொடுப்பது நல்லது. ஊர் விலையை எட்டிய பிறகு கொடுக்கும் உயர்வு மூன்று மாதத்தில் மறந்துபோகும். அப்புறம் 15,600-தான் சம்பளம், அதில் 1,600 தனியாகத் தெரியாது. திரும்ப எடுக்கவும் வழியில்லை.

தீபாவளி போனஸ்

20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் போனஸ் சட்டக் கடமை. குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே தகுதி உண்டு. 8.33 என்பது நூறில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ‘ஒரு மாசச் சம்பளம்’ என்று கடைவீதியில் சொல்வது அதைத்தான். நம் 12 பேர் கடைக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால் தீபாவளிக்கு ஒன்றும் கொடுக்காத கடையில் கார்த்திகையில் ஆள் இருக்காது என்பது சட்டத்தைவிடக் கெட்டியான வழக்கம்.

நேரம் பொருந்துகிறது என்பது இதன் பெரிய பலம். பலகாரத்துக்கும் ஜவுளிக்கும் பணம் புரள்கிற சமயத்தில்தான் பணம் வெளியே போகிறது. ஆண்டுக்கொரு முறை தருவதால் இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை, பணிக்கொடையிலும் ஏறாது. மொத்தமாகக் கையில் வருவதால் வீட்டில் ஒரு பொருளாக மாறி நிற்கும்.

இதன் பலவீனம் தீபாவளிக்கு மறுநாள் தெரியும். வருஷம் பூராவும் போனஸுக்காக நின்றவர் அதை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவார். ‘ரெண்டு நாள்ல வந்துடுறேன்’ என்பார். வரமாட்டார். இதனால் சில கடைகளில் பாதியைத் தீபாவளிக்கும் மீதியைப் பொங்கலுக்கோ பள்ளி திறக்கும் ஜூனுக்கோ தருகிறார்கள். நல்ல வழிதான். ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்: சட்டப்படி தர வேண்டிய பங்கைக் கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள், அதாவது மார்ச்சில் கணக்கு முடிப்பவர்கள் நவம்பர் இறுதிக்குள், தந்தாக வேண்டும். அதற்கு மேல் நீங்களாகத் தருவதை மட்டுமே பொங்கலுக்குத் தள்ளலாம்.

இன்னொன்று, மூன்று தீபாவளி தொடர்ந்து ஒரே தொகை கொடுத்தால் அது மாமூலாகிவிடும். நாலாவது வருஷம் அதே தொகைக்கு நன்றி இருக்காது, குறைத்தால் கோபம் இருக்கும். சூரத் வைர வியாபாரி சாவ்ஜி தோலக்கியா தன் ஆட்களுக்குத் தீபாவளிப் பரிசாகக் கார் கொடுத்த செய்தி ஒவ்வோர் ஆண்டும் வாட்ஸப்பில் சுற்றி உங்கள் கடை பேக்கிங் அறைக்கும் வந்து சேரும். அந்த வாரம் நீங்கள் கொடுக்கும் வேட்டி சட்டையைப் பார்த்து யாராவது சிரித்தால் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பீஸ் ரேட்டும் இன்சென்டிவும்

வேகம் வேண்டும் என்றால் இதற்கு நிகர் எதுவும் இல்லை. செய்ததற்கு ஏற்பக் காசு. ஆனால் எங்கே குறை உடனே கண்ணில் படுமோ அங்கே மட்டும்தான் இது பாதுகாப்பானது.

ஆத்தங்குடிக் கல்லைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் தொழிலாளி கலர் சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார். அச்சை நேராகத் தூக்க வேண்டும். கை கொஞ்சம் சாய்ந்தால் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடும். பிறகு மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன் மேல் ஈரக் கலவை போட்டு, கரணையால் சமன் செய்து, ஒதுக்கி வைக்கிறார். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறி, கண்ணாடியைப் பிரிக்கும்போதுதான் முகப்பு தெரியும். அதாவது, கல்லை எண்ணிக் கூலி கொடுத்த நாளில் அது நல்ல கல்லா கெட்ட கல்லா என்று யாருக்கும் தெரியாது. இங்கே எண்ணிக்கைக்கு மட்டும் கூலி என்றால் அச்சைத் தூக்கும் அந்த ஒரு நொடியில்தான் அவசரம் வந்து உட்காரும். கண்ணாடி பிரித்த பிறகு தேறும் கல்லுக்குக் கூடுதலாக ஒரு தொகை என்று வைத்தால் அதே முறை ஒழுங்காக வேலை செய்யும்.

முறுக்கு அப்படி இல்லை. சுற்றிய உடனே சுற்று சரியா, விட்டம் சரியா என்று தட்டைப் பார்த்தாலே தெரியும். கிலோவுக்கு இவ்வளவு என்று வைக்கலாம். ஆனால் பக்குவம் பார்க்கும் மாஸ்டருக்குக் கிலோக் கணக்கு வைக்கவே வேண்டாம். எண்ணெய் காய்வதற்கு முன்னால் மாவு போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் போடுவார்.

கவுண்டரில் விற்பனை இன்சென்டிவ் வைப்பவர்கள் மூன்று செலவுகளை எதிர்பார்க்கலாம். கேட்காத சரக்கைத் திணித்து வாடிக்கையாளர் அடுத்த முறை பக்கத்துக் கடைக்குப் போவது. ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பேர் சண்டை போடுவது. உள்ளே அடுப்பில் வேகும் பத்துப் பேர், ‘நாங்க போட்ட சரக்குக்கு அவனுக்குக் காசா’ என்று முறைப்பது. இது சின்னக் கடைப் புத்தி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் விற்பனை இலக்கின் நெருக்கடி தாங்காமல், ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். அது 2016-இல் வெளியே வந்தபோது வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம், அதற்குள் சுமார் 5,300 பேருக்கு வேலை போயிருந்தது. இலக்கை வைத்தவர்கள் எதிர்பார்த்தது விற்பனை, கிடைத்தது எண்ணிக்கை.

வைத்தே ஆக வேண்டும் என்றால் ஆளுக்கு வைக்காமல் கடைக்கு வையுங்கள். தீபாவளி மாத விற்பனை இவ்வளவைத் தாண்டினால் மாஸ்டர் முதல் பேக்கிங் பெண் வரை எல்லோருக்கும் இவ்வளவு. சீசன் முடிந்ததும் அதுவும் முடிந்தது. திரும்ப எடுப்பதில் இதுபோல் சுலபமானது வேறில்லை.

வட்டியில்லா அட்வான்ஸ்

இதை யாரும் ஊக்கத்தொகைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால் செட்டிநாட்டில் ஆளை நிறுத்துவது பெரும்பாலும் இதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பலகாரக் கடையை ஆச்சி ஒருவர் நடத்துகிறார். முறுக்குச் சுற்றும் பெண் கை கழுவிவிட்டு வந்து கல்லாப் பக்கம் நிற்பார். “ஆச்சி, மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும். ஒரு முப்பது வேணும்.” “எப்பக் கடைசி நாளு?” “வெள்ளிக்கெழமை ஆச்சி.” ஆச்சி நீளக் கணக்கு நோட்டை எடுத்து, பழைய பாக்கி இருக்கிறதா என்று பார்த்து, மாதம் எவ்வளவு பிடிக்கலாம் என்று அவரையே கேட்டு எழுதி, அவர் கையிலும் ஒரு சீட்டு கொடுத்துவிடுவார். வேறு பேச்சு கிடையாது. அந்தப் பெண் அந்த முப்பதாயிரத்தைக் குழு லோனிலோ கந்து வட்டியிலோ எடுத்திருந்தால் வாரா வாரம் தவணைக்காரர் கடை வாசலுக்கே வந்திருப்பார்.

கணக்கைப் பாருங்கள். 2,40,000 ரூபாயை எட்டுப் பேருக்கு 30,000 வீதம் கொடுத்து மாதம் 2,500 பிடித்தால் ஓராண்டில் திரும்பிவிடும், அடுத்த ஆண்டு அதே பணம் மறுபடி சுற்றும். வங்கி ஓ.டி. (இருப்புக்கு மேல் எடுக்கும் கடன்) வட்டி 11 சதவீதம் என்று வைத்து, பணம் எப்போதும் முழுக்க வெளியே நின்றாலும்கூட ஆண்டுக்கு 26,400 ரூபாய்தான் செலவு. ஒருவர் முழுத்தொகையோடு போய்விட்டார் என்று வைத்துக்கொண்டாலும் 56,400. சம்பள உயர்வில் ஆன செலவில் கால் பங்குக்குக் கொஞ்சம் கீழ்.

ஆனால் இங்கேதான் ஆபத்தான கோடும் இருக்கிறது. ‘கடன் தீரும்வரை வேறெங்கும் போகக் கூடாது’ என்று அட்வான்ஸைக் காட்டி ஆளைக் கட்டிப்போட்டால் அது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் வரும். மூன்று ஆண்டு வரை சிறை, அந்தக் கடனும் செல்லாது. ஆதார் கார்டை வாங்கி வைப்பது, வெற்றுத் தாளில் கையெழுத்து, நகையைப் பெட்டியில் பூட்டுவது, எல்லாமே அந்தப் பக்கம் இழுத்துச் செல்லும். போகிறவர் போகட்டும், பாக்கியைத் தவணையில் கேளுங்கள் என்று சொன்னால் முகம் சுளிக்கும் முதலாளிகள் அட்வான்ஸ் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. ஏறத்தாழ இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுக்காமல் இருந்தால் பாதிச் சிக்கல் வராது.

லாபத்தில் பங்கு

நகரத்தார் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை நடத்திய காலத்தில் முதலாளி ஊரில் இருப்பார், ஏஜெண்டுதான் அங்கே எல்லாம். பொதுவாக மூன்று வருஷத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதியைக் கப்பலேறும் முன்பே குடும்பத்துக்காகக் கொடுத்துவிடுவார்கள். கணக்கு முடித்துத் திரும்பும்போது லாபத்தில் ஒரு பங்கு. கடல் தாண்டி இருக்கிற ஆளைத் தினமும் மேற்பார்வை பார்க்க முடியாது என்பதால் வந்த ஏற்பாடு அது.

இன்றும் அதே இடத்துக்குத்தான் பொருந்தும். மதுரையிலோ திருச்சியிலோ கிளை திறந்து ஒருவரை நம்பி விட்டிருந்தால், கிளை லாபத்தில் பங்கு கொடுங்கள். சென்னையில் தொடங்கிய மென்பொருள் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் நுழைந்தபோது அதன் ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டவர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று அதன் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சொன்னது நினைவிருக்கும். அது பங்கின் விலை ஏறியதால் வந்த பணம். பலகாரக் கடைக்கு அப்படி ஒரு சந்தை இல்லை, ஆண்டு லாபம் மட்டும்தான்.

மறைவான செலவு? கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். வீட்டு மின்கட்டணத்தையும் மகன் பைக் பெட்ரோலையும் கடைச் செலவில் எழுதும் பழக்கம் இருந்தால் முதல் வருஷமே சண்டை வரும். கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பழக்கம் இல்லாத கடைகள் குறைவு. முறுக்குச் சுற்றுபவருக்கும் பேக்கிங் பெண்ணுக்கும் லாபப் பங்கு தேவையில்லை. லாபம் கூடுவதும் குறைவதும் அவர்கள் கையில் இல்லை.

காசு அதிகம் கேட்காதவை

சம்பளத்தை ஒன்றாம் தேதி தருவது. ஏழு, பத்து என்று இழுக்கும் கடை அதே சம்பளத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைவாகத் தருவது போலத்தான், வீட்டு வாடகையும் குழுத் தவணையும் பத்துவரை காத்திருக்காது.

உட்கார இடம் தருவது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத்திருத்தமே கொண்டுவந்தது. அப்படியும் பல ஜவுளிக்கடைகளில் ஸ்டூல் மாடிப்படிக்கு அடியில்தான் கிடக்கிறது.

லீவு. தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு அன்றைக்கும் ஊர்ச் சாமி கும்பிடும் அன்றைக்கும் லீவு இல்லை என்று சொன்னால், ஆள் எப்படியும் வரமாட்டார். நீங்கள் கொடுத்ததாகவாவது இருக்கட்டும்.

இவை சம்பளக் குறைவை ஈடுகட்டாது. சம்பளம் சரியாக இருக்கும் இரண்டு கடைகளில் ஆள் எதில் நிற்பார் என்பதை மட்டும் இவை தீர்மானிக்கும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | எதைத் தீர்க்கும் | மறைவான செலவு | திரும்ப எடுக்க |
|---|---|---|---|
| சம்பள உயர்வு | நிற்பது (ஊர் விலைக்குக் கீழே இருந்தால்) | இ.எஸ்.ஐ., பணிக்கொடை | முடியாது |
| போனஸ் | தீபாவளி வரை நிற்பது | மாமூலாகிவிடும் | கஷ்டம் |
| பீஸ் ரேட், இன்சென்டிவ் | வேகம் | தரம், சண்டை, வாடிக்கையாளர் | சீசனோடு முடிக்கலாம் |
| அட்வான்ஸ் | நிற்பது | வாராக்கடன், சட்டச் சிக்கல் | அடுத்த ஆண்டு குறைக்கலாம் |
| லாபப் பங்கு | பொறுப்பு, நாணயம் | கணக்கைத் திறப்பது | தவணை முடிந்ததும் |
| நேரம், இருக்கை, லீவு | நிற்பது | கிட்டத்தட்ட இல்லை | எடுக்காதீர்கள் |

உங்கள் கடைக்கு எது

சம்பளம் பக்கத்துக் கடையைவிடக் குறைவு என்றால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அதைச் சரி செய்யுங்கள். சமமாக இருந்தும் ஆள் போகிறார் என்றால் ஒன்றாம் தேதிச் சம்பளமும் அட்வான்ஸும். நம் 12 பேர் கடைக்கு நான் சொல்வது: மாஸ்டருக்கும் சுற்றும் பெண்களுக்கும் மட்டும் உயர்வு, அட்வான்ஸுக்கு ஒரு லட்சம் சுழல் நிதி, தீபாவளி மாதத்துக்குக் கடை முழுவதற்குமான ஒரு இன்சென்டிவ்.

பட்டறை என்றால் தேறிய கல்லுக்குக் கூடுதல் கூலி. ஹோட்டல் என்றால் விருந்தினர் விட்டுச்செல்லும் டிப்ஸை ஒரே பெட்டியில் போட்டுச் சமையலறைக்கும் சேர்த்துப் பிரித்தாலே பாதிப் புகார் அடங்கும். இரண்டு மூன்று பேர் மட்டும் உள்ள சின்னக் கடைக்கு இந்தத் திட்டம் எதுவும் வேண்டாம். மதியச் சாப்பாடும், அவசரத்துக்கு ஐயாயிரமும் போதும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆவணி முடிவதற்குள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் சொல்வது ஆளைப் பிடித்து நிறுத்தச் சொன்னதாகத்தான் படும். இன்சென்டிவ் என்றால் எந்தத் தேதியில் முடியும் என்பதையும் அதே வாயால் சொல்லி, தாளில் எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.